பங்கு கேட்க வராத பிள்ளைகள்

2010-ஆம் ஆண்டு. மீள்குடியேற்றம் என்ற பெயரில், தமது சொந்த ஊரல்லாத வன்னிக் கிராமம் ஒன்றில் அமர்த்தப்பட்டிருந்த குடும்பங்களின் விபரங்களை நாம் திரட்டிக்கொண்டிருந்தோம். தறப்பாள் கொட்டில் ஒன்றின் வாசலில் எழுபது வயது மதிக்கத்தக்க ஆச்சி ஒருவர் இருந்தார். படிவத்தில் உள்ளபடி, "ஆச்சி, உங்களுக்கு எத்தனை பிள்ளையள்?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் எம்மைப் பார்த்திருந்துவிட்டு, "இருக்கிறதுகளைக் கேக்கிறியளோ சுவாமி, எல்லாத்தையுமோ?" என்று திருப்பிக் கேட்டார்.

இன்னும் நாற்பது குடும்பங்கள் காத்திருந்தன. மழை இருட்டிக்கொண்டு வந்தது. "இப்ப இருக்கிறதைச் சொல்லுங்கோ" என்றோம். "அஞ்சு" என்றார். ஐந்து என்று எழுதிக்கொண்டு அடுத்த கொட்டிலுக்குப் போனோம்.

அன்றைய வேலைக்கு அந்தப் பதில் போதுமாயிருந்தது. தகரமும் சீமெந்தும் பங்கிடுவதற்கு உயிரோடிருப்போரின் தொகைதான் வேண்டும். ஆயினும் அந்த ஆச்சி கேட்டது படிவத்தைப் பற்றிய கேள்வியன்று என்பதை விளங்கிக்கொள்ள எமக்கு எட்டு ஆண்டுகள் எடுத்தன. குடும்ப வரலாற்றிலிருந்து விடுபட்டுப்போன பிள்ளைகளைத் தேடி எடுத்து, அவர்களுக்குரிய இடத்தில் எழுதி வைப்பது ஒரு விசுவாசச் செயல் என்பதே இங்கு நாம் சொல்ல விரும்புவது. காணியும் வீடும் இன்னும் ஒரு முடிவுக்கு வராத குடும்பங்களிடம் இதைப் போய்ச் சொல்வதா என்று நாமும் தயங்கினோம். தயங்கிய பின்னும் எழுதுகிறோம்.

ஒரே பெயரில் இரண்டு பதிவுகள்

2018-ஆம் ஆண்டில் அந்த ஆச்சியின் பேர்த்தி எம்மிடம் வந்தாள். அவளுடைய தாயின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. வேறு பிரதி எடுக்கவும் முடியவில்லை. பிறந்த திகதியைக் காட்டுவதற்கு ஞானஸ்நானப் பதிவாவது கிடைக்குமா என்று கேட்டு வந்திருந்தாள். அதிர்ஷ்டவசமாக அந்தப் பங்கின் பழைய ஏடு தப்பியிருந்தது.

1964-ஆம் ஆண்டுப் பக்கத்தில் தாயின் பெயர் இருந்தது. தகப்பன் பெயர், தாய் பெயர் எல்லாம் சரி. ஏட்டை மூடும் முன் முன்பக்கங்களைப் புரட்டியபோது, 1961-ஆம் ஆண்டிலும் அதே பெயர், அதே தாய் தகப்பன். "இது ஆரோ பிழையாய்ப் பதிஞ்சிருக்கினம்" என்று சொல்லி, வேண்டிய பிரதியை எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

மறுநாள் காலை பேர்த்தி திரும்பி வந்தாள். "ஃபாதர், அது பிழையில்லையாம். அதுதான் மூத்தவவாம். எட்டு மாதத்தில காய்ச்சல் வந்து செத்துப்போனவவாம். அந்தப் பேரைத்தானாம் அம்மாவுக்கு வைச்சவை."

தன் பெயரிலேயே தனக்கு முன் ஓர் அக்கா பிறந்து இறந்திருந்தார் என்பது, ஐம்பத்து நான்கு வயதான அந்தத் தாய்க்கு அன்றுதான் தெரிய வந்தது.

அன்று பின்னேரம் நாம் ஆச்சியிடம் போனோம். எல்லோரையும் சொல்லும்படி கேட்டோம். அவர் பிறந்த ஒழுங்கிலே சொன்னார். மொத்தம் ஒன்பது. முதலாவது அந்தப் பெண்குழந்தை. நாலாவது பிறக்கும்போதே உயிரில்லை. ஆறாவது நாற்பது நாள் இருந்த ஆண்குழந்தை. எட்டாவது மகனைப் பற்றி 2009-ஆம் ஆண்டு மே மாதத்தின் பின் ஒரு தகவலும் இல்லை. மற்ற ஐவரும் இருக்கிறார்கள். நாலாவது பிள்ளை பழைய வளவின் வடக்கு வேலியோரம் வேம்பின் கீழ்ப் புதைக்கப்பட்டிருப்பதையும், அந்த வளவுக்கு இன்னும் போகக் கிடைக்கவில்லை என்பதையும் சொன்னார்.

"ஏன் ஆச்சி இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்று கேட்டோம்.

"ஆர் சுவாமி கேட்டவை? நீங்கள் ஒருக்காக் கேட்டனீங்கள். பிறகு இருக்கிறதைச் சொல்லச் சொல்லிப்போட்டுப் போட்டியள்."

இதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

அந்த நாட்களின் கணக்கு

அந்த ஆச்சியின் குடும்பம் ஏதோ தனிப்பட்ட சாபத்திற்கு உள்ளான குடும்பமன்று. எமது நாட்டில் மலேரியாக் கொள்ளைநோய் பரவிய 1934, 1935-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1935-ஆம் ஆண்டில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஒரு வயதை எட்டவில்லை. அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேல். 1946-இல் இத்தொகை 141 ஆக இருந்தது. டி.டி.ரி. மருந்து நாடெங்கும் தெளிக்கப்பட்டபின் 1947-இல் 101 ஆகக் குறைந்தது. 1960-களிலும் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 50 குழந்தைகள் இறந்தன. இன்று இது பத்துக்கும் குறைவு. 2016-ஆம் ஆண்டு செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. காடு வெட்டிக் குளங்களின் கீழ் குடியேறிய எமது முன்னோர் இந்தச் செய்தியைக் கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள்.

இவை நாடு முழுவதற்குமான கணக்குகள். வைத்தியசாலைக்கு வண்டில் கட்டி ஒரு நாள் போகவேண்டியிருந்த கிராமங்களில் நிலைமை இதிலும் மோசமாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஆகவே எங்கள் அப்பப்பா, அம்மம்மா காலத்தில் குழந்தை ஒன்றையேனும் புதைக்காத குடும்பம் அரிது. அப்படியானால் அந்தப் பிள்ளைகள் எல்லாம் எங்கே? எமது பேச்சில் இல்லை. சுவரில் மாட்டிய படங்களில் இல்லை. பெரும்பாலும் கல்லறையும் இல்லை. இந்துக் குடும்பங்களிலும் சிறு குழந்தையைத் தகனம் செய்யாமல் புதைத்துவிடுவதே வழக்கம். பெரியவர்களுக்குச் செய்யும் கிரியைகள் அதற்குச் செய்யப்படுவதில்லை. கிரியை இல்லாதவிடத்து ஆண்டுத் திவசமும் இல்லை. திவசம் இல்லாதவிடத்துப் பெயர் சொல்லும் நாளும் இல்லை.

அடுத்துப் பிறந்த பிள்ளையைக் காப்பாற்றவேண்டும் என்ற அச்சமும் வாயைக் கட்டியது. பிள்ளைகள் தங்காத வீட்டில் பிறந்த குழந்தையை அயல்வீட்டாரிடம் கொடுத்து, ஒரு பிடி தவிட்டுக்கு அதைத் திரும்ப வாங்குவது எமது மக்களின் பழைய வழக்கம். இது யாரோ பெற்ற பிள்ளை, மலிவாய் வாங்கினது என்று காட்டினால் யமன் விட்டுவிட்டுப் போவான் என்று எண்ணினார்கள். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது" என்று இன்றும் நாம் பிள்ளைகளைச் சீண்டுகிறோம். அந்தப் பகிடிக்குப் பின்னால் புதைத்த குழந்தைகள் இருக்கின்றன என்பதை எத்தனை பேர் அறிவோம்?

காணி விடயம் இன்னொரு காரணம். இன்று இடம்பெயர்ந்த குடும்பங்கள் தமது வம்ச வழியை எழுதுவது அநேகமாகக் காணிக்காகவே. உறுதி தொலைந்துபோயிருக்கும், பாட்டனார் பெயரிலே காணி இருக்கும், அவருக்கு யார் யார் பிள்ளைகள், அவர்களுக்கு யார் யார் உரித்தாளர் என்று எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கும். இது அவசியமான வேலை. ஆனால் இந்தக் கணக்கில் சிறுவயதில் இறந்த பிள்ளைக்கு இடமில்லை. அது பங்கு கேட்டு வரப்போவதில்லை, ஆகவே எழுதவேண்டியதில்லை. குடும்ப வரலாறு என்று எமது கையில் எஞ்சுவது பங்காளிகளின் பட்டியல் மட்டுமே என்றால், பங்கு கேட்க வராத பிள்ளைக்காக வாய் திறக்கவேண்டியவர் யார்?

இடைவெளியை வாசித்தல்

தேட விரும்புவோருக்கு நாம் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்லலாம்.

முதலில் சகோதரங்கள் பிறந்த ஆண்டுகளை வரிசையாய் எழுதுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு பிள்ளை என்று வந்த குடும்பத்தில் திடீரென ஐந்து ஆறு ஆண்டு இடைவெளி இருந்தால் அவ்விடத்தில் நின்று கேளுங்கள். ஆனால் இடைவெளி ஒரு கேள்வியே தவிரச் சாட்சியாகாது. தகப்பன் தூர இடத்தில் வேலைக்குப் போயிருக்கலாம். தாய் நோயாய்க் கிடந்திருக்கலாம். ஊகத்தை வைத்து ஒரு பிள்ளையை எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது, பெயர்கள். நாம் கண்டதுபோல, இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைத்த குடும்பங்கள் உண்டு. 'பிச்சை', 'குப்பை' என்ற சொற்கள் வரும் பழைய பெயர்கள், முன்பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் கடவுளிடம் இரந்து பெற்ற பிள்ளைக்கு இட்ட பெயர்களாக இருக்கலாம். அப்படி ஒரு பெயர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், ஏன் வைத்தார்கள் என்று விசாரியுங்கள்.

மூன்றாவது, கோயில் ஏடுகள். 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் பங்குக்குருமார் பதிவேடு வைத்திருக்கவேண்டுமென விதித்தது. அன்றுமுதல் கத்தோலிக்க உலகெங்கும் இவ்வழக்கம் பரவியது. ஞானஸ்நான ஏட்டில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தாய் தகப்பன், ஞானப்பெற்றோர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும். ஒருவர் பின்னர் உறுதிபூசுதல் பெற்றால், திருமணம் செய்தால், அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஓரம் வெறுமையாய்க் கிடக்கும் பெயரைக் கண்டால் கவனியுங்கள். அவர் வேறு ஊர் போயிருக்கலாம், குறிக்கத் தவறியிருக்கலாம், அல்லது வளரவே இல்லாமலிருக்கலாம். எமது ஆச்சியின் மூத்த பிள்ளையின் பதிவும் அப்படித்தான், ஓரத்தில் ஓர் எழுத்தும் இல்லாமல் இருந்தது.

உங்கள் பங்கின் ஏடு எரிந்துபோயிருந்தாலும் மனந்தளரவேண்டாம். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் பங்கு ஏடுகளின் பிரதியொன்றை ஆயர் இல்லத்துக்கு அனுப்பவேண்டுமென 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பணித்திருந்தது. அனுப்பப்பட்ட பிரதி அங்கே தப்பியிருக்கக்கூடும். அரச பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். திகதி தெரியாவிட்டாலும் ஏறத்தாழ எந்த ஆண்டு, எந்த ஊர் என்று சொல்லத் தெரிந்திருப்பது நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, வீட்டிலிருக்கும் முதியவர்களிடம் போய் இருங்கள். ஏடு இன்னும் பத்து ஆண்டு இருக்கும். ஆச்சி இருப்பாரோ தெரியாது. கேட்கும்போது பொலிஸ் விசாரணைபோல் கேட்கவேண்டாம். சொல்ல விருப்பமில்லாததை விட்டுவிடுங்கள். திருமணத்திற்கு முன் பிறந்த பிள்ளை, வளர்க்கக் கொடுத்த பிள்ளை என்று ஒரு தாய் தன் நெஞ்சுக்குள் பூட்டிவைத்தது இருந்தால், அதைத் திறக்கும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு.

யோபுவின் கணக்கு

"செத்ததை எழுதி என்ன காணப்போறம்?" என்று எம்மிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கு யோபுவின் கதையில் ஒரு விடை இருப்பதாக நாம் நினைக்கிறோம்.

யோபுவும் எல்லாவற்றையும் இழந்த ஒரு விவசாயி. அவருக்கு 7,000 ஆடு, 3,000 ஒட்டகம், 500 ஏர் மாடு, 500 பெண்கழுதை. ஏழு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள். ஒரே நாளில் எல்லாம் போயின. கதையின் முடிவில் ஆண்டவர் அவருக்கு எல்லாவற்றையும் இரண்டு மடங்காய்க் கொடுக்கிறார். 14,000 ஆடு, 6,000 ஒட்டகம், 1,000 ஏர் மாடு, 1,000 பெண்கழுதை. கணக்குச் சரி. ஆனால் பிள்ளைகள்? மறுபடியும் ஏழு ஆண், மூன்று பெண். இருபதாகவில்லை, பத்துத்தான்.

இதைப் படிக்கும்போது பிள்ளைகள் விடயத்தில் ஆண்டவர் குறைத்துக் கொடுத்தாரோ என்று தோன்றும். விளக்கம் சொன்னோர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஆடு செத்தால் செத்ததுதான். ஆகவே இரட்டிப்பாய்க் கொடுக்கவேண்டும். முதற் பிள்ளைகள் பத்துப்பேரும் ஆண்டவரிடத்தில் இருக்கிறார்கள்; ஆகவே இன்னும் பத்துப்பேர் பிறந்தபோதே யோபு இருபது பிள்ளைகளின் தகப்பனானார்.

இடம்பெயர்ந்த எமது மக்களுக்கு இந்தக் கணக்கு நன்றாய் விளங்கும். மாட்டுக்கு நட்டஈடு உண்டு. தென்னைக்கு மதிப்பீடு உண்டு. வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கு உண்டு. பிள்ளைக்குப் பதில் பிள்ளை இல்லை. பின்பு பிறந்த பிள்ளை எவ்வளவு செல்வமானாலும் முன்பு போன பிள்ளையின் இடத்தை நிரப்புவதில்லை. அது தனக்கென்று வேறோர் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு குடும்பம் பத்து என்று எழுதாமல் இருபது என்று எழுதுமானால், அது ஆண்டவரின் கணக்கை ஏற்றுக்கொள்கிறது. அதையே நாம் விசுவாசம் என்கிறோம். நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போனதை அந்த மேய்ப்பன் எப்படி அறிந்தான்? எண்ணிப் பார்த்தபடியால் அறிந்தான். எண்ணாதவன் தேடப் போகமாட்டான்.

திருச்சபையும் விட்டவர்கள்

ஏட்டைப் புகழ்ந்து எழுதிய நாம், ஏட்டில் இல்லாதவர்களைப் பற்றியும் உண்மை பேசவேண்டும். முன்னைய திருச்சபைச் சட்டப்படி ஞானஸ்நானம் பெறாது இறந்த குழந்தைக்குத் திருச்சபை அடக்கம் இல்லை. ஆகவே அப்பிள்ளை ஞானஸ்நான ஏட்டிலும் இல்லை. மரண ஏட்டிலும் இல்லை. சேமக்காலையின் மந்திரித்த நிலத்திலும் இடமில்லை. மோட்சமும் அல்லாத நரகமும் அல்லாத ஓரிடத்தில் அந்தக் குழந்தைகள் இருக்கும் என்று எமது பாட்டிமாருக்குச் சொல்லப்பட்டது. ஆச்சியின் நாலாவது பிள்ளை வேலியோரம் போனதற்கு இதுவும் ஒரு காரணம். உயிரில்லாமல் பிறந்த குழந்தையை இரவோடிரவாகப் புதைத்துவிட்டு, மறுநாள் காலை அரிவு வெட்டப் போன தகப்பனுக்கு எந்தக் குருவும் ஆறுதல் சொல்லவில்லை.

திருச்சபை இதிலிருந்து மெல்ல நகர்ந்து வந்திருக்கிறது. ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்த வேளையில் இறந்துபோன குழந்தைக்குத் திருச்சபை அடக்கம் செய்ய ஆயர் அனுமதிக்கலாம் என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. 2007-ஆம் ஆண்டில் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு, இவர்களது மீட்பில் நம்பிக்கை கொள்வதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று ஓர் ஆவணத்தில் விளக்கியது. ஆனால் அந்த ஆவணத்தை வேலியோரம் பிள்ளையைப் புதைத்த தாய்மாரிடம் கொண்டுபோய்ச் சொன்னது யார்? நாம் உட்பட மிகச் சிலரே.

பிள்ளைகளைக் கணக்கிலிருந்து விடுவது எமது நாட்டுக் குறை மாத்திரமல்ல என்பதற்கு அயர்லாந்தில் நடந்ததைப் பார்க்கலாம். கோல்வே மாவட்டத்தில் ரூவம் என்ற சிறு பட்டினத்தில், திருமணமாகாத தாய்மாரையும் அவர்களது குழந்தைகளையும் வைத்திருந்த இல்லம் ஒன்று 1925 முதல் 1961 வரை இருந்தது. கன்னியர் சபையொன்று அதை நடத்தியது. அவ்வூரைச் சேர்ந்த கதரின் கோர்லெஸ் என்ற பெண் ஊர் வரலாறு எழுதப் புறப்பட்டவர். பள்ளிக்கூட நாட்களில் அந்த இல்லத்துப் பிள்ளை ஒன்றுக்கு, இனிப்பு இல்லாத வெறும் கடதாசியை இனிப்பென்று கொடுத்துப் பகிடி பண்ணியது அவருடைய மனதை உறுத்திக்கொண்டிருந்தது. அங்கு இறந்த குழந்தைகளின் மரணப் பதிவுகளை அவர் பதிவகத்தில் கேட்டார். 796 பெயர்கள் வந்தன. ஊர்ச் சேமக்காலைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஏறத்தாழ ஒருவரையும் அங்கு காணவில்லை.

2014-இல் இது உலகச் செய்தியாயிற்று. பலர் நம்பவில்லை, சிலர் அவரைப் பழித்தார்கள். 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம், அந்த நிலத்தின் கீழிருந்த அறைகளில் குழந்தைகளின் எச்சங்கள் பெருமளவில் காணப்பட்டன என்று அரசு நியமித்த ஆணைக்குழு அறிவித்தது. 2021 ஜனவரியில் அரசும் அந்தச் சபையும் மன்னிப்புக் கேட்டன. 2025 ஜூலையில் அவர்களை வெளியே எடுத்து, முடிந்தவரை அடையாளங் கண்டு, மரியாதையோடு அடக்கம் செய்வதற்கான அகழ்வு தொடங்கியது.

குருவாகிய எமக்கு இதை எழுத வெட்கமாயிருக்கிறது. ஆயினும் எழுதவேண்டும். கன்னியர் நடத்திய இல்லத்தில் பெயரின்றிப் போன பிள்ளைகளுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது ஆயரோ குருவோ அல்லர். ஏட்டையும் ஏட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஒரு குடும்பப் பெண்.

இறந்தோருடன் சேர்க்கக் கூடாதவர்கள்

இனி மிகவும் கவனமாகப் பேசவேண்டிய இடத்திற்கு வருகிறோம். ஆச்சியின் எட்டாவது மகனை எங்கே எழுதுவது?

எமது மக்களிடையே 'காணாமற்போன பிள்ளை' என்றால் முதலில் நினைவுக்கு வருவது போரிலும் போரின் முடிவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளே. 2017-ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தெருவோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். பதில் கிடைக்காமலே பல பெற்றோர் இறந்துபோயினர். 2010-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கச் சட்டம் இத்தகையோருக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் பெற வழி செய்தது. பின்னர் 2016-இல், மரணம் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கும் சட்டத்தில் இடம் வந்தது. மரணப் பத்திரத்தை வாங்க மறுத்த தாய்மார் பலரை நாம் அறிவோம். "எடுத்தால் நானே அவனைச் சாக்காட்டினதாய்ப் போயிடும்" என்று ஒருவர் சொன்னார்.

குடும்ப வரலாறு எழுதுவோர் இந்தத் தாய்மாரின் மனதை மதிக்கவேண்டும். சிறுவயதில் இறந்த குழந்தையை எழுதுவது ஒன்று. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையை எழுதுவது வேறு. முன்னதில் துக்கத்திற்கு இடம் கொடுக்கிறோம். பின்னதில் கேள்வியைத் திறந்தபடி வைத்திருக்கவேண்டும். ஆகவே அவரை உயிரோடிருப்போருடனும் சேர்க்காமல், இறந்தோருடனும் சேர்க்காமல், பிறந்த ஒழுங்கில் அவருக்குரிய இடத்தில் எழுதுங்கள். கடைசியாக எங்கே, எப்போது, யார் கண்டார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். மறு பாதி வரியை வெறுமையாக விடுங்கள். அந்த வெறுமையை நிரப்பவேண்டிய கடமை பெற்றோருடையதன்று, பதில் தெரிந்தவர்களுடையது.

செய்யக்கூடியவை

காணிப் பிரச்சினை தீரட்டும், பிறகு பார்ப்போம் என்று சிலர் சொல்லக்கூடும். இவை இரண்டும் வேறு வேறு விடயங்கள் என்று நாமும் முன்பு எண்ணியிருந்தோம். வேம்பின் கீழ் ஒரு பிள்ளை கிடக்கும் வளவை "எத்தனை பரப்பு?" என்று மட்டும் கேட்டால் போதாது. எமது மக்கள் மாற்றுக் காணியை ஏன் இலேசில் ஏற்றுக்கொள்வதில்லை என்பது, இந்தக் கணக்கை எழுதிப் பார்த்தால்தான் வெளியாருக்கும் விளங்கும்; சில வேளை எமது சொந்தப் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

ஆகவே சில யோசனைகள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கட்டும். பேரப்பிள்ளைகளில் நன்றாய் எழுதக்கூடிய ஒருவர் எழுதட்டும். பிறந்த ஒழுங்கில் எல்லோரும் வரட்டும். பெயர் வைக்காத குழந்தைக்கு இன்று நாம் பெயர் தேடவேண்டியதில்லை. தாய் விரும்பினால் வைக்கலாம். இல்லாவிட்டால் 'நாலாவது பிள்ளை' என்றே எழுதலாம். எங்கே அடக்கம் என்பதையும் எழுதுங்கள். வேலி அழிந்தாலும், மரம் தறிக்கப்பட்டாலும், கிணற்றிலிருந்து இத்தனை பாகம் என்று குறித்தால் பின்னர் உதவும். ஒரு பிரதியைப் பங்குத்தந்தையிடமோ ஊர்ப் பொதுநிலையத்திலோ ஒப்படையுங்கள். கொப்பியும் இடம்பெயர்வில் தொலையக்கூடும் என்பதை நாம் பட்டறிந்தவர்கள்.

பங்குக் குருமாராகிய எமக்கும் கடமை உண்டு. வரும் நவம்பர் 2-ஆம் திகதி, மரித்த ஆன்மாக்களின் நாளில், பெரியவர்களின் பெயர்களை வாசிக்கும் பட்டியலில் இந்தக் குழந்தைகளையும் சேர்ப்போம். பெயரில்லாத பிள்ளையை "இன்னாருடைய நாலாவது பிள்ளை" என்று பீடத்தின் முன் நின்று சொல்வோம். சேமக்காலைக்கு வெளியே புதைக்கப்பட்ட குழந்தைகளின் இடங்களுக்கும் தீர்த்தம் தெளிக்கப் போவோம். போக முடியாத வளவானால், வேலிக்கு இந்தப்புறம் நின்றாவது செபிப்போம்.

ஆச்சியின் பேர்த்தி எழுதிய கொப்பியை நாம் பார்த்தோம். ஒன்பது வரிகள். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "இது ஆர்? இது ஆர்?" என்று கேட்டு ஒன்பதையும் சரிபார்த்தார். எட்டாவது வரியில் எழுதாமல் விட்டிருந்த இடத்தில் விரல் சற்று நேரம் நின்றது. "இதை இப்பிடியே விடு பிள்ளை" என்றார்.

இனி யாராவது படிவத்தோடு வந்து எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், படிவத்திற்கு வேண்டியதைச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது எல்லோரையும் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.